எதிர்வீட்டு நீள வண்டி

இப்போதெல்லாம் யாரும் காரில் உட்காருவதில்லை. ஏறுகிறார்கள்.

பால் வாங்கப் போகிறவனுக்கும் லாரி உயரத்தில் வண்டி. மலையேறப் போகிறவன் மாதிரி முகம். போவதென்னவோ கடைக்கு. இந்த அமெரிக்காவில் வந்து இறங்கியதிலிருந்து பார்க்கிறேன். தெருவுக்குத் தெரு இதே கூத்து.

அவளுக்குத்தான் ஏற முடியவில்லை.

என் பெண்டாட்டியைச் சொல்கிறேன். முழங்கால் இரண்டும் சரியாக மடங்காது.

விமான நிலையத்தில் மாப்பிள்ளையின் உயர வண்டியில் அவளால் கால் வைக்க முடியவில்லை. சேலை தடுக்கியது. பின்னால் வண்டிகள் காத்து நின்றன. மாப்பிள்ளை என்ன செய்வார், இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை இருக்கிற அறையில் அவள் நாற்காலியில்கூட உட்கார மாட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

அன்றிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் ஒரே வார்த்தை.

"வரலை."

கோயிலுக்கு வரலை. கடைக்கு வரலை. ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பாள். அவள் கண்ட அமெரிக்கா அவ்வளவுதான்.

அதனால்தான் மகள் கோமு எங்களை எதிர்வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அங்கே ரால்ஃப் என்று ஒரு கிழவர். என் வயசு இருக்கும். தன் பழைய காரை விற்கிறாராம்.

தாழ்ந்த வண்டி. நீளமோ நீளம். டிக்கி இருக்க வேண்டிய இடத்திலும் கூரை ஓடுகிறது, கண்ணாடி ஓடுகிறது. ஸ்டேஷன் வேகன் என்றாள் கோமு.

பக்கவாட்டில் மரப்பலகை பதித்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மரமில்லை. மரம் மாதிரி ஒட்டின தாள்.

முதல் பொய்.

"ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு இதுதான் நின்னுச்சாம்ப்பா."

"இப்ப ஏன் நிக்கலை?"

கேட்டுச் சொன்னாள். ரால்ஃபின் பிள்ளைகள் இதில்தான் வளர்ந்தார்களாம். வளர்ந்ததும், அப்பா ஓட்டின வண்டி எங்களுக்கு வேண்டாம் என்று பெட்டி மாதிரி ஒரு வேன் வாங்கினார்களாம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த வேன் அவமானமாம். உயர வண்டிக்குப் போய்விட்டார்கள்.

சட்டை பத்தாமல் போனால் மாற்றலாம். வண்டியுமா பத்தாமல் போகும்? மறுபடியும் கேட்கச் சொன்னேன். ரால்ஃப் கையை விரித்தார்.

ஊரே சேர்ந்து ஒன்றைக் கைவிட்டால் அதில் ஏதோ இருக்கிறது.

குனிந்து அடியில் பார்த்தேன். கொஞ்சம் துரு. கதவைச் சாத்திப் பார்த்தேன். நல்ல கனமான சத்தம். சீட்டை அமுக்கினேன். மெத்தை மாதிரி உள்ளே போய் வந்தது.

குறை அகப்படவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ரால்ஃப் பின்கதவைத் திறந்தார். தரையில் ஒரு பலகையைத் தூக்கினார். உள்ளிருந்து ஒரு குட்டி சீட் எழுந்தது, பின்பக்கம் பார்த்தபடி. பிள்ளைகள் அதில் உட்கார்ந்து, விட்டுவந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவார்களாம்.

போகிற இடம் தெரியாமல் எவன் உட்காருவான்?

ஆனாலும் இன்னொரு தடவை தூக்கிக் காட்டச் சொன்னேன்.

அவர் அதை மூடினார். நடு சீட்டையும் மடித்தார்.

மட்டமாக, நீளமாக, கம்பளம் விரித்து ஓர் இடம்.

ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

எங்கள் தென்காசியில் பின்பக்கம் திறந்து, படுக்க இடம் விட்டு, வாசலுக்கு வருகிற வண்டி ஒன்றுதான். அதற்கு மாலை போட்டிருக்கும்.

"இதுல யாரைக் கொண்டு போனாங்கன்னு கேளு."

"அப்பா!"

"ஏட்டி, கேளு."

என்ன கேட்டாளோ. ரால்ஃப் சிரித்தார். பிள்ளைகள் படுத்துத் தூங்குவார்களாம். நாய் படுக்குமாம். ஒரு தடவை ஃபிரிட்ஜே படுத்துப் போயிற்றாம்.

எல்லாம் படுத்துத்தான் போயிருக்கிறது.

"இப்ப இதை யாரும் ஓட்டறதில்ல மாமா," என்றார் கூட வந்திருந்த மாப்பிள்ளை மெதுவாக. ஆபீஸில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கவலை அவருக்கு. என் கவலை வேறு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றோம்.

"வேண்டாம்னு சொல்லிரு," என்றேன் கோமுவிடம்.

முன்பக்கம் கதவு திறக்கும் சத்தம்.

என் பெண்டாட்டிதான்.

கட்டிலில் உட்காருகிற மாதிரி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு மற்றக் கால். சேலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

யாரும் தொடவில்லை.

கதவை அவளே சாத்தினாள்.

"ஏட்டி, இறங்கு. பிண வண்டி மாதிரி இருக்கு."

கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள்.

"நான் என்ன படுத்துக்கிட்டா போறேன்? உக்காந்துல்லா போறேன்."

மாப்பிள்ளை காதில் விழும்படியே சொன்னாள். அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

ரால்ஃப் சீட்டை நிமிர்த்தினார். சாவியைக் கோமுவிடம் கொடுத்தார். ஓட்டிப் பார்க்கட்டும் என்று. மாப்பிள்ளை பின்னால் போய் உட்கார்ந்தார். மாமியார் முன்னால்.

"வாங்கப்பா. எவ்வளவு இடம் கிடக்கு."

"நீங்க போங்க."

நான் நடைபாதையில் நடந்தேன். வண்டி பக்கத்தில் ஊர்ந்து வந்தது. குளிர்காற்றில் அவள் முடி பறந்தது. ஒதுக்கிக்கொள்ளவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வீடுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு வீடாக.

தெருமுனையில் வண்டி நின்றது. எந்தப் பக்கம் என்று கோமு கேட்டிருப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே வளையல் கை ஒன்று நீண்டது. ரொம்ப நாள் குடியிருந்தவள் மாதிரி வழி காட்டியது.

வண்டி திரும்பிப் போனது.

அவ்வளவு நல்ல வண்டி என்றால் இந்த ஊர்க்காரன் ஏன் விட்டான்?

நான் மற்றப் பக்கம் நடந்தேன்.