நாலு வருசம், நாலு மாசம், நாலு நாள்

"என்னது, அஸ்கரிய நிறுத்தப் போறீங்களா?"

கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள் தீர்த்தம்மாள் டீச்சர். கடத்தூர் பால்வாடியில் அப்போதுதான் பிள்ளைகளுக்கு உப்புமா போட ஆரம்பித்திருந்தாள்.

அமீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஆமாங்க டீச்சர். எங்கள்ல புள்ளைக்கு நாலு வருசம், நாலு மாசம், நாலு நாள் ஆனப்புறம் பிஸ்மில்லா ஓதித்தான் படிப்பை ஆரம்பிக்கணும். இவளுக்கு இன்னும் நாள் இருக்கு. மாமியார் ஏசறாங்க."

"சேக்கும்போது இது தெரியலையாக்கும்?"

அமீனா மகளைக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? காடு கழனி உள்ளவர்கள் கூப்பிடாமலே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மசூதித் தெருவிலிருந்துதான் ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஆறு நடை நடந்து, அமீனாவிடமும் அவள் புருஷன் காஜாவிடமும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தது இந்த ஒருத்தியைத்தான்!

"எத்தனை சொன்னாலும் இவங்க திருந்த மாட்டாங்க!" என்று சமையல்கார செல்லம்மாளிடம் பொருமித் தீர்த்தாள்.

காலியான இடத்துக்கு ஆள் இருந்தது. முப்பது பிள்ளைக்குத்தான் சர்க்கார் உப்புமா மாவு வரும், ஒரு தலை கூடினாலும் ஆபீசரம்மா கணக்குக் கேட்பார். அதனால்தான் முந்தின நாள் காலனிக் கண்ணம்மாளை டீச்சர் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"கெணத்து மேட்டுல புள்ளைய வுட்டுட்டுக் களையெடுக்கறேங்க. குனிஞ்சா நெஞ்சு திக்குதிக்குங்குது. சேத்துக்குங்க டீச்சர்" என்று அழுதுவிட்டுப் போயிருந்தாள் அவள்.

இப்போது டீச்சரே ஆளனுப்பி அவள் மகன் மாதுவைச் சேர்த்துக்கொண்டாள். காலனியிலிருந்து பால்வாடிக்கு வந்த முதல் பிள்ளை அவன்.

ரெண்டு வாரம் போனது. கோபம் ஆறினதும் டீச்சருக்கு அஸ்கரி ஞாபகம்தான். சரியான வாயாடி! 'அ' சொல்லு என்றால் அம்மா, அத்தா, ஆடு என்று ஊர்க்கதையே சொல்லும். அது இல்லாமல் பால்வாடி வெறிச்சென்று கிடந்தது.

ஜூன் வந்தால் நாலைந்து பிள்ளைகள் ஒண்ணாங் கிளாசுக்குப் போய்விடும், இடம் கிடைக்கும். அதற்குள் அஸ்கரிக்கு அந்த நாள் கணக்கு முடிந்துவிடுமா? ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தாள்.

பிறந்த தேதி, அறுபத்தொன்பது ஆகஸ்ட் நாலு. விரல்விட்டு எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினாள்.

போன டிசம்பர் எட்டாம் தேதியே முடிந்து போயிருந்தது!

விறுவிறுவென்று அமீனா வீட்டுக்குப் போனாள்.

"புள்ளையப் படிக்க வைக்க இஷ்டமில்லன்னா நேராச் சொல்லியிருக்கலாமே! அதுக்கு ஏம்மா உங்க மார்க்கத்தைச் சாக்குச் சொல்றீங்க?"

அமீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதாங்க டீச்சர். பிஸ்மில்லா ஓதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்குக் கண்ணம்மா உங்ககிட்ட அழுதப்ப, இவளக் கூட்டிட்டுப் போக வந்து நான் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."



"அத எங்கிட்டச் சொன்னா என்ன?"

"ஆறு நடை நடந்து சேத்த புள்ளைய நீங்க வுடுவீங்களா? கண்ணம்மாவுக்குத் தெரிஞ்சா அவதான் ஒத்துக்குவாளா?"

திருந்த மாட்டாங்க என்று சொன்னதை நினைக்க டீச்சருக்கு வெட்கமாக இருந்தது.

அமீனா மெதுவாகச் சொன்னாள்.

"எம் புள்ளைக்கு வூட்டுல நான் இருக்கேன் டீச்சர். கெணத்து மேட்டுல அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"