படித்தவர்கள் குழு

அந்தப் புத்தகத்தைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தூக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, பேராசிரியர் குழுவிடம் துணைவேந்தர் கேட்டார்:

"எல்லாரும் படிச்சீங்கதானே?"

"வரிக்கு வரி, சார்! அத்தனையும் விஷம்," என்றார் பொருளாதாரப் பேராசிரியர்.

"எனக்குத் தூக்கமே போச்சு," என்றார் தத்துவப் பேராசிரியர்.

வரலாற்றுப் பேராசிரியர் இருவரையும் மிஞ்சினார். "எழுதினவன் கைய ஒடிக்கணும், சார்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மாலையில் வீடு திரும்பிய வரலாற்றுப் பேராசிரியரை மனைவி வாசலிலேயே மறித்தாள். "வேலை தப்பிச்சுதா?"

"புனைபெயர்ல எழுதினது நல்லதாப் போச்சு."

"பின்னட்டையில உங்க போட்டோ இருக்கே!"

"அதுக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கணுமேடி! ஒரு பயலும் தொடல," என்று காறித் துப்பாத குறையாகச் சொன்னவர், ஒடிக்கச் சொன்ன அதே கையை நீட்டிக் காப்பியை வாங்கிக்கொண்டார்.