சர்வர் அறைக்கு நாலு கொக்கி

“ஏசி கட்டாயம் வேணும்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க மேடம்” என்றார் சுரேந்தர்.

சுசித்ராவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்த மனுஷனுக்கு எத்தனை தடவைதான் சொல்வது?

“சார், உங்க யூனிட்டுக்கு பப்ளிக் கிளவுடே போதும். ஆர்டர், சம்பளம், ஸ்டாக் எல்லாம் வேற கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கும். நீங்க வாடகை கட்டினா ஆச்சு. இங்க மிஷினே வராது. அப்புறம் ஏசி எதுக்கு?”

“அப்போ பிரைவேட் கிளவுட் போட்டுடலாம். சொந்த சர்வர்.”

“அது பெரிய ஆஸ்பத்திரி, பேங்குக்கு சரி. நீங்க ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறீங்க. சும்னே வீண் செலவு சார்.”

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அந்தத் தையல் யூனிட் தகரக் கூரைக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்தது. சித்திரை வெயில். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வியர்த்து வழியத் தைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு மட்டும் ஏசி கேட்கிறது, அதுவும் சர்வர் பேரைச் சொல்லி. சாப்பிட்ட பிறகு காலை நீட்ட ஒரு குளுகுளு அறை வேண்டும், வேறென்ன என்று சுசித்ரா முடிவு கட்டிவிட்டாள்.

எழுந்து போய்விடலாம்தான். ஆனால் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் இது. பணம் போடும் கூட்டாளி ஹனூரில் இருக்கும் கரியப்பன், சுரேந்தரின் மனைவிக்கு அண்ணன். சுசித்ரா சொல்வதை வைத்துத்தான் அவர் சம்மதிப்பார். பொய் சொன்னால் பேர் கெடும், சொல்லாவிட்டால் ஆர்டர் போகும்.

“மழை வந்தா இங்க நெட் போயிடுது மேடம். அளவு கிடைக்காம கட்டிங் நின்னுடும்.”

அது நியாயமான பேச்சு. சுசித்ரா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

“அப்படின்னா ஹைப்ரிட் போடலாம். மத்ததெல்லாம் பப்ளிக் கிளவுட்ல இருக்கட்டும். அளவும் டிசைனும் மட்டும் இங்க ஒரு சின்னப் பெட்டியில. டிபன் பாக்ஸ் சைஸ்தான், உங்க மேஜை மேலயே வச்சுக்கலாம்.”

“மேஜை வேண்டாம். அந்தப் பழைய ஸ்டோர் ரூம்ல வைக்கலாம். ஏசி போடணும், ஆனா ரொம்பக் குளிரக் கூடாது. தரைக்கு டைல்ஸ். ஜன்னலுக்குக் கொசுவலை. அப்புறம் மேல நாலு கொக்கி.”

“சர்வருக்குக் கொக்கி எதுக்கு சார்?”

“கேபிள் தொங்க விடத்தான்.”

ஊஞ்சல் வேறு கட்டி ஆடப் போகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுரேந்தர் அப்போதே கரியப்பனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஏனுங்க மாப்ளே, போன மாசம் கேட்டீங்களே, அந்தச் செலவா? அதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிப்போட்டனல்ல.”

“அது இல்ல மச்சான். இது கம்ப்யூட்டருக்கு.”

சுசித்ரா விளக்கினாள். கரியப்பன் பொறுமையாகக் கேட்டார்.

“அதாவது அம்மிணி, வாடகை டிராக்டரு, சொந்த டிராக்டரு. நீங்க சொல்றது உழவுக்குச் சொந்தம், அறுப்புக்கு வாடகை. நானும் அப்படித்தான் ஓட்டறேன். ஏசி எதுக்குங்க?”

சுரேந்தர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் கூப்பினார். சுசித்ராவுக்குச் சங்கடமாகிவிட்டது.

“சூடும் தூசியும் மிஷினுக்கு ஆகாதுங்க” என்றாள். பொய் இல்லை. ஒரு ஃபேன் போதும் என்பதைத்தான் சொல்லவில்லை.

“அப்ப போட்டுருங்க. காசு குடுத்து வாங்கற மிசினு, கெட்டுப்போச்சுன்னா யாரு பாக்கறது?”

வீடு போகும்வரை ஸ்கூட்டரில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் சர்வீஸுக்கு வந்தபோது கரியப்பனும் வந்திருந்தார். காசு போட்ட மிஷினைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஸ்டோர் ரூம் கதவில் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு போர்டு தொங்கியது. ‘சர்வர் அறை. செருப்பைக் கழற்றவும். சத்தம் போடக் கூடாது.’

சத்தத்துக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்? அப்படி எதுவும் அவள் எழுதித் தரவில்லையே.

“உள்ள வயர் வேலை நடக்குது மச்சான், அப்புறமா பாக்கலாம்” என்று தடுமாறினார் சுரேந்தர்.

கரியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினார்.

பரண் மேல் அந்தச் சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. கீழே நாலு கொக்கியிலும் நாலு சேலைத் தொட்டில். மூன்றில் குழந்தைகள் தூங்கின. நாலாவது, கட்டை விரலைச் சப்பியபடி வந்தவர்களைப் பார்த்தது. ஆட்டிக்கொண்டிருந்த தையல்காரி மகேஸ்வரி பதறி எழுந்தாள்.

“இத்தனை நாளா தையல் மிஷினுக்கு அடியில, வெட்டுத் துணி மேலதான் படுக்க வெச்சிருந்தோம்க்கா” என்று சுசித்ராவிடம் மெல்லச் சொன்னாள்.

சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டார். “புள்ளைங்களுக்கு ரூம் கேட்டப்ப ஆகாதுன்னீங்க மச்சான். மிஷினுக்குன்னதும் சரின்னீங்க.”

இந்த ஆளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று சுசித்ராவுக்கு வெட்கமாக இருந்தது. போகட்டும், ஆர்டர் போனாலும் போகட்டும். வெளியே தையல் சத்தம் நின்றுவிட்டது. எல்லாப் பெண்களும் கதவையே பார்த்தார்கள்.

கரியப்பன் தொட்டில்களைப் பார்த்தார். பரண் மேல் பெட்டியைப் பார்த்தார். கடைசித் தொட்டிலுக்கு நேராக ஏசிக் காற்றில் கையை நீட்டினார்.

பிறகு போர்டில் போட்டிருந்தபடியே, சத்தம் போடாமல் சொன்னார்.

“குளிரைக் கொஞ்சம் கொறைச்சு வையுங்க மாப்ளே. சர்வருக்குச் சளி புடிச்சுக்கும்.”