வெள்ளரிப்பிஞ்சு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயில் பூட்டு இல்லை. வீட்டுக்குள் மூடிவைக்க வேண்டியதை மைக் வைத்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்க நூறு பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பட்டப்பகலில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவரும் உட்கார்ந்திருந்தார். சுவரோரம். செருப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. வெளியே விட்டால் திரும்பக் கிடைக்குமா என்ன.

மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

தாய்க்காரி படுத்து ஒன்பது நாளாகிறது. தண்ணீர்கூட இறங்கவில்லை. வாயைத் திறந்தால் ஒரே பேர்தான்.

அஞ்சலாட்சி.

ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. விழுப்புரத்தில் ஆட்டக்காரர்களோடு இருக்கிறாள் என்று யாரோ துப்புச் சொன்னார்கள். வந்து விசாரித்தால், ஆட்டம் தொடங்கிவிட்டது, முடியட்டும் என்று உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள்.

மேடையில் ஆறு பேர். ஆடுவார்கள். சட்டென்று நிற்பார்கள். ஒருவர் முன்னால் வந்து, தான் எங்கிருந்து வந்தவர் என்று சொல்வார். மறுபடி ஆட்டம்.

ஒருத்தி, தன்னைக் கோழிப்பண்ணையில் வேலைக்கு விட்டார்கள் என்றாள். ஒருத்தன், அப்பன் சாராயம் காய்ச்சி ஜெயிலுக்குப் போனான் என்றான்.

அதற்கெல்லாம் கைதட்டு.

அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள்.

“எனக்கு அப்பா இல்ல. ஆறு வயசுல பாம்பு கடிச்சிச் செத்துட்டாரு.”

அவர் எழுந்துவிட்டார். குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிற மனுஷனை.

பக்கத்தில் இருந்தவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“ஒக்காரு பெரியவரே. அது அந்தப் பொண்ணு கதை இல்ல. அவங்கவுங்க கதைய அவங்கவுங்க சொன்னா அழுதுடுறாங்களாம். அதான் மாத்திக்கிட்டாங்க. இதோடத அது சொல்லும், அதோடத இது சொல்லும்.”

“சொந்த அப்பனக்கூடவா மாத்திக்குவாங்க?”

உட்கார்ந்தார். நம்பவில்லை.

அடுத்து வந்தவன் மீசைக்காரன். ஆள் நல்ல உயரம். கொத்தனாராம், பக்கத்தில் இருந்தவன் சொன்னான்.

“எங்க வீட்டுக்காரரு என் கைய ஒடிச்சாரு” என்றான் மீசைக்காரன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

“கட்டோட அப்பா ஊட்டுக்கு வந்தேன். அப்பா ஒண்ணும் கேக்கல. விடிஞ்சதும் பஸ் ஏத்திக் கூட்டிப்போயி அவரு வாசல்லயே விட்டாரு. மறுபடி வந்தேன். மறுபடி விட்டாரு. மூணாந் தடவ உளுந்தூர்பேட்டையில பஸ் நின்னப்ப, ஜன்னல் வழியா கொய்யாப்பழம் வாங்கிக் குடுத்தாரு. பசிக்கும், தின்னும்மான்னாரு.”

“கொய்யா இல்ல.”

குரல் அவருடையதுதான். கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

“வெள்ளரிப்பிஞ்சு. உப்பு மொளகாத்தூள் தடவினது. வாய்க்கு வந்ததப் பேசக் கூடாது.”

கூடம் மொத்தமும் திரும்பியது. நாலு பேர் கைதட்டினார்கள். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

மீசைக்காரன் முழித்தான். திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்தான்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அதை ஒடியாத கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். தின்றாளா என்று அவர் பார்க்கவில்லை.

சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. உங்கம்மா ஒன்னக் கேக்கறா.

யாரோ ஓடிவந்து அவர் வாய்க்கு நேராக ஒரு மைக்கை நீட்டினார்கள்.

அவர் வாயை இறுக்கிக்கொண்டார். குடும்பத்துச் சங்கதி. நூறு பேருக்கு முன்னால் ஒப்பாரி வைக்க அவர் என்ன கூத்தாடியா?

அஞ்சலாட்சி பொறுத்துப் பார்த்தாள். கொஞ்சநேரம்தான். பிறகு மீசைக்காரன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, வெள்ளரிப்பிஞ்சுன்னே சொல்லு.”

அவன் முதலிலிருந்து சொன்னான். இந்தத் தடவை ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நாலாந் தடவ நான் அப்பா ஊட்டுக்கு வரல என்று முடித்தான்.

அவர் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நல்ல வெயில்.

ஆள் ஊரில் இல்லை என்று தாய்க்காரியிடம் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்லலாம். அதற்கு மறுநாள் கேட்கமாட்டாள்.

உள்ளே கைதட்டுகிறார்கள்.

என்னத்துக்கு?

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

கட்டிக்கொடுத்த பெண்ணை, கட்டினவன் வாசலில் கொண்டுபோய் விடாமல், வேறெங்கே வைத்துக்கொள்வதாம்?