மார்கிரட்டின் ரிப்போர்ட்

"மார்கிரட், ஒங்க ரிப்போர்ட் வந்திருக்கு. கொஞ்சம் இப்படி வாங்க." மிட்வைஃப் ஆதிபா குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டதும், தோட்டத்து லயத்து வீடுகளின் வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க. இது கேன்சர் இல்ல. கருப்பை வாசல்ல ஒரு மாற்றம் தெரியுது. அப்படியே விட்டா ஒரு காலத்துல கேன்சரா மாறலாம். இப்பவே கவனிச்சா சுகமாக்கிறலாம். வாற திங்கக்கிழமை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போகணும்."

மார்கிரட் கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கண் கலங்கவில்லை. இப்படியும் ஒரு தைரியசாலியா என்று ஆதிபாவே அசந்துபோனாள்.

"ஒங்களப் பாத்துத்தான் இந்தத் தோட்டத்துல முப்பது பேரு வெட்கத்த விட்டுட்டு வந்தாங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மார்கிரட்டுக்குக் கூசிப்போனது. அவள் அந்தச் சோதனைக்குப் போகவே இல்லை.

எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி மலைக்குப் போவது புதிதல்ல. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் தங்கச்சி போய்த் தேயிலைக் கொழுந்தெடுப்பாள். அன்றைய சம்பளக் கணக்கில் அக்கா பேர் பதிந்துவிடும். பேர் விழுந்தால் சரி, ஆள் யாராக இருந்தால் என்ன? இரண்டு மாதத்துக்கு முன் டிஸ்பென்சரியில் கிளினிக் வைத்தபோது மார்கிரட்டும் அப்படித்தான் நினைத்தாள்.

கோயிலில் செபமாலைக்கு வரும் பெண்களிடம் "வெட்கப்படாமப் போங்கடி" என்று வாய் கிழியப் பேசியவள் அவள்தான். தன் முறை வந்தபோதுதான் தெரிந்தது. மூன்று பிள்ளை பெற்றவள், நாற்பத்தைந்து வயது, ஆனாலும் முன்பின் தெரியாதவர் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் படுப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நிரஞ்சனியைக் கூப்பிட்டுத் தன் கிளினிக் சீட்டைக் கொடுத்தாள். "ஏம் பேரக் கூப்பிட்டா நீ எந்திரிச்சுப் போ புள்ள. உள்ள இருக்கிறது டவுன் நர்ஸ். அவங்களுக்கு யாரு மொகம் தெரியப் போகுது? ஆதிபா மிஸ் புள்ளைங்கள நிறுக்கிற வேலையில இந்தப் பக்கம் பாக்கவே மாட்டாங்க."

நிரஞ்சனிக்கு மார்கிரட் அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. ஆதிபா முன் அறையில் பிள்ளைகளை நிறுக்கும் நாளும் அதுதான் என்பதால், மார்கிரட்டின் மகள் ஷெனாலியும் தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிரஞ்சனியோடு போனாள். இரண்டு பேரும் பகல் தாண்டித்தான் திரும்பினார்கள். கிளினிக்கில் என்ன நடந்தது என்று மார்கிரட் கேட்கவில்லை. கேட்கவே வெட்கம்.

இப்போது கடிதத்தைப் படித்ததும் அவள் மனதில் முதலில் வந்தது, 'நல்லவேளை, எனக்கில்ல' என்பதுதான். அடுத்த நிமிஷமே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் நிரஞ்சனி பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சொன்னால் தோட்டம் முழுக்கக் காறித் துப்பும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் தாயில்லாமல் போகக்கூடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்போம். மார்கிரட் நாலு நாள் யோசித்தாள். அந்த நாலு நாளும் செபமாலையில் வாய் மட்டும்தான் அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். நிரஞ்சனி தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நிரஞ்சனி, நான் ஒரு பாவி" என்று ஆரம்பித்தாள். மீதி எல்லாம் தானாகக் கொட்டியது. "நாலு நாளா இதை மறைச்சு வச்சிருக்கேன் புள்ள. பேருதான் என்னோடது, நோய் ஒன்னோடது. நாளைக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன். டாக்டர்கிட்ட உண்மையச் சொல்றேன். யாரு என்ன பேசினாலும் பேசட்டும்."

மார்கிரட் நீட்டிய கடிதத்தை நிரஞ்சனி பார்த்தாள். சோப்பு நுரை வழியும் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத புள்ள. சுகமாக்கலாம்னு ஆதிபா மிஸ் சொன்னாங்க."

"இல்லக்கா..." நிரஞ்சனி நிமிரவே இல்லை. "நானும் போகலக்கா."

"என்னடி சொல்ற?"

"கதவு வரைக்கும் போனேன். அந்தக் கட்டிலப் பாத்ததும் திரும்பி வந்து பெஞ்சுல ஒக்காந்துட்டேன். ஒங்க பேரக் கூப்பிட்டுட்டாங்க. எந்திரிக்க முடியாம அழுதேன். பக்கத்துல இருந்தவதான் சீட்டப் புடுங்கிக்கிட்டா. 'நீ புள்ளயப் புடி, நான் போறேன். வெளிய மட்டும் சொல்லிறாத'ன்னா."

மார்கிரட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தான் செய்ததையே இன்னொருத்தி செய்தால் எவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது!

"ஒன் வெட்கத்துக்கு ஊரான் வீட்டுப் பொண்ண அனுப்பி வச்சியா? அவ வயித்துல என்ன இருக்குன்னு தெரியாம அவ திரியிறாளே! யாரடி அவ? பேரச் சொல்லு, இப்பவே போய் அவ ஆத்தாக்காரி கால்ல விழுறேன்."

நிரஞ்சனி முகத்தை மூடியிருந்த கையை எடுத்தாள்.

"ஒங்க ஷெனாலிதான்க்கா."