எட்டுத் தாள்

"நடுவுல எட்டுத் தாளைக் காணோம் தாயீ. இதுக்கு ரெண்டு ரூபாயே ஜாஸ்தி."

மதுரையிலிருந்து வந்து ஊர் ஊராகப் பழைய புத்தகம் வாங்கும் ராஜகுரு, கையிலிருந்த புத்தகத்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பாளையம்பட்டியில் ஜக்கம்மாளின் மளிகைக் கடை அது. யுத்தம் வந்ததிலிருந்து காகிதத்துக்குப் பஞ்சம். கடுகைக்கூட அவள் பூவரச இலையில்தான் மடித்துக் கொடுத்தாள். ஆனாலும் அப்பா விட்டுப்போன அந்த மாட்டு வைத்தியப் புத்தகத்தில் ஒரு தாளை அவள் கிழித்ததில்லை.

"விலை பாத்துச் சொல்றேன்னு போன மாசம் ரெண்டு நாள் கொண்டு போனீகளே. அப்ப இருந்துச்சாய்யா?"

"அப்பவே இல்லை. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை. நாப்பத்தெட்டாம் பக்கத்துக்கு அடுத்தது அறுபத்தஞ்சு. நீயே பாரேன்."

"நான் என்னத்தப் பாக்க? நமக்கு எழுத்தெல்லாம் வராதுய்யா. யாவாரமே மனக்கணக்குத்தான்."

அது ராஜகுருவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு தெம்பாகப் பேசினார்.

"பூச்சி வேற அரிச்சிருக்கு. இந்தா, முன்னட்டையில இருந்து பின்னட்டை வரைக்கும் ஒரே ஓட்டை. குமாரலிங்கபுரத்துல ஒரு அம்மா இப்படித்தான், நடுவுல தாள் இல்லாத புஸ்தகம் வச்சிருந்தா. நாலணாவுக்கு மகராசியாக் குடுத்துட்டா. நீ என்னடான்னா ரெண்டு ரூபாய்க்கு யோசிக்கிற."

"நாலணாவுக்கா?" என்றாள் ஜக்கம்மாள்.

அவள் யோசிக்காமல் என்ன செய்வாள். திருச்சுழிப் பக்கம் இருந்த நாலு ஏக்கரில் கிணறு முப்பது அடியில் பாறையில் முட்டி நின்றுவிட்டது. வெடி வைக்க முந்நூறு ரூபாய் வேண்டும். இந்தக் கோடைக்குள் தண்ணீரைப் பார்க்காவிட்டால் நிலத்தை விற்க வேண்டியதுதான். நிலத்தைத் தவிர விற்றுக் காசாக்க அவள் கையில் இருந்தது இந்தப் புத்தகம் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துப் பருத்தி ஆலை முதலாளி சங்கரலிங்கம் கடைக்குள் நுழைந்தார். பழைய புத்தகம் என்றால் பஸ் ஏறிப் போய் வாங்குகிற மனிதர். வந்ததும் வராததுமாகப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா ஜக்கம்மா, முழுசுன்னு சொன்னே. நூறு வருசத்துக்கு முந்துன அச்சு, இன்னொண்ணு நான் பாத்ததில்லை. முழுசா இருந்தா முந்நூறு ரூபா இப்பவே தாரேன். கொறைன்னா எனக்கு வேண்டாம்."

ஜக்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த எட்டுத் தாளை யாரு கொண்டாந்தாலும் முந்நூத்துல பாதி அவுகளுக்கு அண்ணாச்சி. என் கிணத்து மேல சத்தியம்."

ராஜகுருவின் காது விடைத்தது. நூற்றைம்பது ரூபாய். பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தம் தகரப் பெட்டியைத் திறந்தார்.

"உன் அதிர்ஷ்டத்தை என்னன்னு சொல்ல தாயீ. இதே புஸ்தகத்தோட உதிரித் தாள் கொஞ்சம் எங்கிட்ட கெடக்கு."

எட்டுத் தாள். நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் ஆரம்பித்து அறுபத்து நாலில் முடிந்தது. சங்கரலிங்கம் எண்ணிப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எங்கய்யா கெடச்சுச்சு?" என்று கேட்டாள் ஜக்கம்மாள்.

"கும்பகோணத்துல, ஒரு வீட்டு ஏலத்துல. ஆறு வருசமாச்சு. அன்னையில இருந்து இந்தப் பெட்டியை விட்டு வெளிய எடுத்ததில்லை."

"நெசமாத்தானா?"

"சரஸ்வதி மேல ஆணை."

சரஸ்வதி பாவம், எத்தனை வியாபாரிகளைத்தான் தாங்குவாள்.

"அப்பச் சரி. அண்ணாச்சி, தாளை எல்லாம் உள்ள வச்சு மூடி, வெளிச்சத்துக்கு நேரா ஒருக்காத் தூக்கிப் பாருங்க."

சங்கரலிங்கம் தாள்களைத் தட்டிச் சேர்த்து உள்ளே வைத்தார். புத்தகத்தைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் ஓட்டைக்குள் பார்த்தார். தெருவில் நின்ற வண்டிமாடு அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது. எட்டுத் தாள்களை மறுபடி வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் தடவினார். எட்டிலும் அதே இடத்தில் அதே ஓட்டை.

"ஏன்யா, பாளையம்பட்டிப் பூச்சி கும்பகோணத்துத் தாளை எப்ப வந்து அரிச்சுச்சு?"

ராஜகுரு தகரப் பெட்டியை மூடினார். சங்கரலிங்கம் முந்நூறு ரூபாயையும் ஜக்கம்மாள் கையிலேயே வைத்தார்.

"ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகுது. நாளைக்கே வெடிக்காரனை வரச் சொல்லும்மா."

ஜக்கம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குள் ராஜகுரு பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டார்.

"பழைய புஸ்தகம்னா பூச்சி அரிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. அது ஒரே எடத்துல அரிச்சா அதுக்கு நானா பொறுப்பு?"

ஜக்கம்மாள் மல்லி மூட்டையில் குத்தி வைத்திருந்த கோணி ஊசியை உருவினாள். புத்தகத்தின் முன்னட்டை ஓட்டையில் அதைச் செருகினாள். அது எங்கும் தட்டாமல் பின்னட்டைக்கு வந்து எட்டிப் பார்த்தது.

"பூச்சி மேல பழி போடாதீகய்யா. உங்களுக்கு நாலணாவுக்குக் குடுத்தாளே குமாரலிங்கபுரத்து மாயக்காள், அவ என் கூடப்பொறந்த அக்கா. அவ புஸ்தகத்தையும் இப்படித்தான் ரெண்டு நாள் கொண்டு போனீகளாம். எனக்குத்தான் எழுத்து வராதே, அதான் போன மாசம் உங்க கையில குடுக்குறதுக்கு முந்தி, இந்த ஊசியாலேயே எல்லாத் தாள்லயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."