யானைப் போர்வை

ரிடையரான இன்ஸ்பெக்டர் போர்வை தைக்கும் குழுவில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், வீட்டில் அவருடைய தொல்லை தாங்க முடியாமல் மனைவி கையோடு இழுத்துக்கொண்டு போனதுதான். குழுவில் அவரைத் தவிர எல்லோரும் பெண்கள். நூலகத்தின் மாடி ஹாலில் கூடுவார்கள். கலர் கலரான துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைப்பார்கள். எல்லாம் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு இலவசம்.

சேர்ந்த புதிதில் ஊசியில் நூல் கோப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். “திருடனைத் துரத்திக்கிட்டு ஓடி நான் கீழே விழுந்தப்போ, அவன்தான் திரும்பி வந்து என்னைத் தூக்கிவிட்டான். இந்த ஊசி மட்டும் எனக்கு அடங்கிடுமா?” என்று தானே சொல்லிச் சிரிப்பார். பெண்களும் சிரிப்பார்கள்.

ஆனால் போகப் போக ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஒரு மஞ்சள் யானையை வெட்டி ஒட்டி முதல் போர்வையை முடித்தார். குழுவின் தலைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி நாங்க யாருமே தச்சதில்ல சார்” என்றார். மற்றவர்களும் பலமாகத் தலையாட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, “மடையா, இந்தக் கையில போயி இத்தனை வருஷம் லத்தியைப் பிடிச்சிருந்தியே!” என்று தன்னையே திட்டிக்கொண்டார். அதற்கப்புறம் யானையாகவே தைத்துத் தள்ளினார்.

பல்வலிக்காக ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஆசையாகக் குழந்தைகள் வார்டை எட்டிப் பார்த்தார். கட்டிலுக்குக் கட்டில் அவர்கள் குழுவின் போர்வைகள். தலைவி தைத்த பூக்கள் இருந்தன. மனைவி தைத்த நட்சத்திரங்கள் இருந்தன. யானை ஒன்றைக்கூடக் காணோம்.

“யானையா? இங்க யானை எதுவும் வந்ததில்லையே” என்றாள் நர்ஸ், அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து.

பல்வலி பறந்துவிட்டது. திருட்டு! அதுவும் பார்த்துப் பொறுக்கி எடுத்த திருட்டு. கையால் தைத்த போர்வைக்குப் பெரிய கடைகளில் என்ன விலை சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நல்ல சரக்கு எது என்று தெரிந்த கைதான் நடுவில் புகுந்திருக்கிறது.

வீட்டில் சொன்னதும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

“விடுங்களேன். யாரோ போத்திக்கிட்டாச் சரி.”

“அதெப்படி விடறது? நோயாளிக் குழந்தைங்களுக்குப் போக வேண்டியதும்மா!”

அடுத்த முறை பெண்கள் டீ குடிக்கக் கீழே இறங்கியதும், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தொந்தி மட்டும் ஒளிய மறுத்தது. நல்லவேளை, உள்ளே வந்தவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போர்வைகளை வார்டுக்கு ஏற்றிப் போகும் வேன் டிரைவர். அடுக்கியிருந்ததில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, யானையை மட்டும் உருவி ஒரு தனிப் பையில் திணித்தான்.

“அசையாதே!”

அவர் பாய்ந்த வேகத்தில் மூட்டைகள் சரிந்து இருவர் மேலும் விழுந்தன. சத்தம் கேட்டுப் பெண்கள் ஓடிவந்தபோது, தலையெல்லாம் பஞ்சாக, தும்மிக்கொண்டே டிரைவரின் காலரைப் பிடித்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

“எந்தக் கடையிலடா விக்கறே? கூட்டு யாரு?”

டிரைவர் தலைவியை ஒரு பார்வை பார்த்தான். தலைவி தரையைப் பார்த்தார். மற்ற பெண்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். அவருக்குச் சுரீரென்றது. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் உடந்தை!

“சொல்ல மாட்டே? ஸ்டேஷன்ல வந்து சொல்லு.” போனை எடுத்தார்.

“வேலை போயிடும் சார். பொண்ணுங்க படிச்சிட்டிருக்குதுங்க” என்றான் டிரைவர். அப்போதும் அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

“போனை வைங்க.” மனைவி முன்னால் வந்தாள். “அவரை விடுங்க. எடுக்கச் சொன்னது நான்தான்.”

காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. “நீயா? என் போர்வையை நீயே வித்தியா?”

“அதை யாருங்க வாங்குவாங்க?” என்றாள். சொன்னபிறகு அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. குரலை இறக்கினாள். “முதல் யானையை வார்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான் போத்திப் பார்த்தேன். பஞ்சு பூரா ஒரே மூலையில உருண்டு கிடக்குது. முடிச்செல்லாம் முள்ளாக் குத்துது. ஜுரத்துல கிடக்கிற பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கறது? ரிடையரானப்புறம் இப்பத்தான் உங்க முகத்துல சிரிப்பைப் பார்க்கிறேன். சொல்ல மனசு வரல. அதான், எல்லாரும் சேர்ந்து...”

இன்ஸ்பெக்டர் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, டிரைவரின் கசங்கிய காலரைத் தன் கையாலேயே நீவிவிட்டார்.

“மன்னிச்சுக்கப்பா. அப்போ அத்தனை யானையும் குப்பைக்குத்தான் போச்சா?”

“ஐயோ, இல்ல சார்! ஸ்டேஷன் லாக்கப்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறேன். இன்னும் இருந்தா கொண்டான்னு கேட்டு வாங்கிக்கறாங்க.”

அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “கைதிங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?”

“கைதிங்களுக்கு இல்ல சார், அங்க இருக்கிற இன்ஸ்பெக்டருக்கு. உங்க யானையை ஒரு ராத்திரி போத்திக்கிட்டவன், விடிஞ்சதும் தானாவே குத்தத்தை ஒத்துக்கறானாம்!”